நடந்தவர்கள் சொல்லக் கேளுங்கள்: அமெரிக்க நெடும்பாதைகளுக்கு ஒரு பாட்காஸ்ட் வழிகாட்டி

அமெரிக்காவின் அப்பலாச்சியன் டிரெயில் ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, மெய்ன் மாநிலத்தில் கட்டாடின் சிகரத்தில் முடிகிறது. 14 மாநிலங்கள், சுமார் 3,500 கிலோமீட்டர். முழுவதையும் ஒரே பயணமாக நடந்து முடிக்கப் பெரும்பாலானவர்களுக்கு ஐந்து முதல் ஏழு மாதம் பிடிக்கும். அவ்வளவு நாள் காட்டில் என்ன சாப்பிடுவார்கள், எங்கே தூங்குவார்கள், ஒரு வாரம் விடாமல் மழை பெய்தால் என்ன செய்வார்கள்? நடந்துவிட்டு வந்தவர்களே உட்கார்ந்து மணிக்கணக்கில் இதைப் பேசும் பாட்காஸ்டுகள் ஏராளம். அநேகமாக எல்லாமே இலவசம்.

புதிதாக வருகிறவர் தேடினால், முதலில் மேலே வந்து நிற்பது சாதனையாளர்களின் பேட்டிகள். 2024 செப்டம்பரில் டாரா டவர் இந்தப் பாதையை 40 நாள் 18 மணி நேரத்தில் முடித்தார். அதற்கு முன் யாரும் அவ்வளவு வேகமாக முடித்ததில்லை. அவருடைய பேட்டிகளைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும், கட்டாயம் கேளுங்கள். ஆனால் உதவிக் குழுவோடு ஒரு நாளைக்கு 85 கிலோமீட்டருக்கு மேல் போனவரிடமிருந்து, முதல் வாரம் 12 கிலோமீட்டருக்கே திணறப்போகும் ஒருவர் எடுத்துக்கொள்ளக்கூடியது கொஞ்சம்தான். உங்களுக்கு வேண்டியது பட்டியலில் கீழே கிடக்கும் சாதாரண எபிசோடுகள். கால் கொப்புளம், நனைந்த கூடாரம், பார்சல் வாங்கப் போனபோது மூடிக் கிடந்த தபால் ஆபீஸ், பாதியில் ஊர் திரும்பியவரின் கதை. அவற்றை எப்படித் தேடி, எந்த வரிசையில் கேட்டு, எதைச் சரிபார்ப்பது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள்

அமெரிக்காவில் மூன்று நெடும்பாதைகளைச் சேர்த்து ‘டிரிப்பிள் கிரவுன்’ என்பார்கள். கிழக்கே அப்பலாச்சியன். மேற்கே மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் வழியாகப் போகும் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில், சுமார் 4,265 கிலோமீட்டர். நடுவே ராக்கி மலைத்தொடரை ஒட்டிப் போகும் கான்டினென்டல் டிவைட் டிரெயில், சுமார் 5,000 கிலோமீட்டர். பேசுகிறவர்கள் இவற்றை ஏ.டி., பி.சி.டி., சி.டி.டி. என்றுதான் சொல்வார்கள்.

மூன்றையும் கலந்து கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். பி.சி.டி.யில் நடந்தவர் தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட நிலத்தில் ஆறு லிட்டர் தண்ணீர் சுமந்ததைப் பற்றிப் பேசுவார். ஏ.டி.யில் ஓடைகளுக்குக் குறைவில்லை, அங்கே ஓயாத ஈரம்தான் தொல்லை. சி.டி.டி.யில் நடந்தவர் கிரிஸ்லி கரடிக்கான ஸ்பிரேயைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். ஏ.டி.யில் இருப்பவை கருங்கரடிகள். அவை பெரும்பாலும் குறிவைப்பது உங்கள் உணவுப் பையை.

புதியவர் ஏ.டி.யிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். அதைப் பற்றித்தான் எபிசோடுகள் அதிகம். பெரும்பாலும் சில நாளைக்கு ஒருமுறை ஊர் வந்துவிடும், இரவு தங்கப் பாதையோரம் மரக்கொட்டகைகள் இருக்கும். அதனால் கேட்கும் கதைகளை மனத்தில் படமாக்கிக்கொள்வது சுலபம்.

நிகழ்ச்சிகளில் எது எதற்கு

முதல் வகை நீளமான பேட்டி. இதில் பேர்பெற்றது ‘பேக்பேக்கர் ரேடியோ’. ‘தி டிரெக்’ என்ற தளத்தின் நிகழ்ச்சி இது, 2018 முதல் சாக் டேவிஸும் ஜூலியானா சான்சியும் சேர்ந்து நடத்துகிறார்கள். ஒரு எபிசோட் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவது சர்வசாதாரணம். பேட்டியோடு இருவருடைய அரட்டை, நேயர் கடிதம், ஒரு விஷயத்தில் சிறந்த மூன்றைத் தேர்ந்தெடுக்கும் ‘டிரிப்பிள் கிரவுன்’ பகுதி எல்லாம் இருக்கும். அந்த அரட்டை பழகிய நேயர்களுக்குப் பிடித்தது. புதியவர் எபிசோட் குறிப்பைப் பார்த்து நேராகப் பேட்டிக்குப் போய்விடலாம்.

இரண்டாவது, பாதையிலிருந்தே வரும் குரல்கள். அதே தளத்தின் ‘டிரெயில் கரஸ்பாண்டன்ட்ஸ்’ நிகழ்ச்சியில், அந்தந்த வருடம் நடந்துகொண்டிருந்த பலர் தங்கள் போனில் பதிவு செய்து அனுப்பியதைத் தொகுத்திருக்கிறார்கள். ஒரே விஷயத்தைப் பற்றி ஆறேழு பேர் வெவ்வேறு மனநிலையில் பேசுவார்கள். என்னைக் கேட்டால் புதியவருக்கு இதைவிடப் பயனுள்ளது கிடையாது. ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் கழித்துப் பேசுகிறவருக்குக் கஷ்டமெல்லாம் கதையாகிவிட்டிருக்கும். கூடாரத்துக்குள் ஈர சாக்ஸோடு உட்கார்ந்து பேசுகிறவரின் குரலில் அந்தச் சலிப்பு அப்படியே இருக்கும். ‘சவுண்ட்ஸ் ஆஃப் தி டிரெயில்’ நிகழ்ச்சியும் இதே வகை.

மூன்றாவது, கதையாகத் தொகுத்தவை. 2007ல் ஃபிட்ஸ் கஹால் தொடங்கிய ‘தி டர்ட்பேக் டயரீஸ்’ இதில் மூத்தது. மலையேற்றம், ஆற்றுப் பயணம் என்று பலதும் வரும். பயணத்துக்குத் தயாராவதற்கு நேரடியாக உதவாது, ஆனால் எதற்காக மனிதர்கள் இப்படிக் கிளம்புகிறார்கள் என்பது புரியும். மனம் சோர்ந்திருக்கும் நாளில் கேட்க ஏற்றது.

அடிப்படையிலிருந்து வேண்டும் என்பவர்களுக்கு ‘தி ஃபர்ஸ்ட் 40 மைல்ஸ்’. ஒரு தம்பதி, பை தூக்கிப் பழக்கமே இல்லாதவர்களுக்காகப் பொறுமையாகப் பேசியிருக்கிறார்கள். எபிசோடுகளும் சிறியவை. ‘தி டிரெயில் ஷோ’ இதற்கு நேர் எதிர். 2012ல் தொடங்கியது, நிறைய நடந்து பழுத்த நண்பர்கள் பீரோடு உட்கார்ந்து பேசுவது. கலகலப்பாக இருக்கும், ஆனால் நடப்பவர்களின் பேச்சுவழக்கு தெரியாமல் கேட்டால் பாதி நகைச்சுவை பிடிபடாது. அதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொற்கள் தெரியாமல் கேட்காதீர்கள்

முழுப் பாதையையும் ஒரே பயணமாக நடப்பது த்ரூ-ஹைக். துண்டு துண்டாக, வருடத்துக்குக் கொஞ்சம் என்று நடப்பது செக்‌ஷன் ஹைக். தெற்கிலிருந்து வடக்கே போகிறவர் நோபோ, வடக்கிலிருந்து தெற்கே வருகிறவர் சோபோ. நடுவில் தொடங்கி ஒரு பக்கம் முடித்துவிட்டு, வண்டி பிடித்துத் திரும்பி வந்து மறுபக்கத்தை நடப்பது ஃபிளிப்-ஃபிளாப்.

ஒரு அடிகூட நடக்காமல் ஊரில் ஓய்வெடுக்கும் நாள் ஜீரோ. கொஞ்சமே நடந்துவிட்டு ஊருக்குள் போய்விட்டால் நீரோ. நடப்பவர்கள் ஒருவருக்கொருவர் வைக்கும் பட்டப்பெயர் டிரெயில் நேம். பேட்டியில் சொந்தப் பெயரே வராமல் பட்டப்பெயரிலேயே ஒரு மணி நேரம் ஓடும், திகைக்க வேண்டாம். முன்பின் தெரியாதவர்கள் பாதையோரம் வைத்துவிட்டுப் போகும் குளிர்பானமோ, கூப்பிட்டுக் கொடுக்கும் சாப்பாடோ டிரெயில் மேஜிக். அதைச் செய்கிறவர் டிரெயில் ஏஞ்சல். ஹைக்கர் பாக்ஸ் என்பது விடுதிகளில் இருக்கும் பெட்டி, வேண்டாததைப் போட்டுவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். இரவு ஒன்பது மணியை ஹைக்கர் மிட்நைட் என்பார்கள், அந்நேரம் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். ஏ.டி. முழுக்க மரங்களில் தீட்டியிருக்கும் இரண்டுக்கு ஆறு அங்குல வெள்ளைப் பட்டைதான் வைட் பிளேஸ், வழி காட்டும் அடையாளம்.

இரண்டு சொற்களை மட்டும் கூடுதல் கவனத்தோடு கேளுங்கள். ஒன்று பேஸ் வெயிட். உணவு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாகப் பையில் இருப்பதன் எடை. ஒருவர் ‘என் எடை 12 பவுண்டு’ என்றால் அவர் தோளில் அவ்வளவுதான் இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு நாள் சாப்பாடும் தண்ணீரும் சேர்ந்தால் இன்னும் பத்து, பன்னிரண்டு பவுண்டு ஏறும். மற்றொன்று வைட்டமின் ஐ. இது ஐபுப்ரோஃபென் வலி மாத்திரைக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர். சிலர் தினமும் போட்டுக்கொண்டதாகச் சாதாரணமாகச் சொல்வார்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. பாட்காஸ்டில் கேட்டதை வைத்து மருந்து சாப்பிடக் கூடாது.

அமெரிக்க உச்சரிப்பும் வேகமும் பிடிபடவில்லையா? முதல் சில எபிசோடுகளை 0.8 வேகத்தில் கேளுங்கள். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் செயலியில் 2024 முதல் ஆங்கில எபிசோடுகளுக்கு எழுத்து வடிவமும் தானாகவே வருகிறது. படித்துக்கொண்டே கேட்டால் ஊர்ப் பெயர்கள் சீக்கிரம் பழகிவிடும்.

கேட்கும் வரிசை

நிகழ்ச்சி வெளிவந்த வரிசையில் கேட்காதீர்கள். ஒரு நடையாளர் பாதையில் எதை முதலில் சந்திப்பாரோ அந்த வரிசையில் கேளுங்கள். தேடும் கட்டத்தில் நிகழ்ச்சியின் பெயரைப் போடாமல் பாதையின் பெயரையும் இடத்தின் பெயரையும் போடுங்கள்: ஏ.டி., ஜார்ஜியா, முதல் வாரம்.

ஜார்ஜியாவின் முதல் வாரக் கதைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், அதனாலேயே அவை பாடம். மார்ச் மாதம், தெற்குதானே வெயிலடிக்கும் என்று நம்பி வருகிறார்கள். மலை மேல் பனி விழுகிறது. அமிகலோலா அருவியிலிருந்து ஸ்பிரிங்கர் உச்சிக்குப் போகும் சுமார் 14 கிலோமீட்டர் அணுகுபாதையிலேயே 600க்கும் மேற்பட்ட படிகள். சிலருக்கு அங்கேயே மூச்சு வாங்கிவிடுகிறது, இத்தனைக்கும் அது கணக்கில் சேராத தூரம். மூன்று நான்கு நாளில் நீல் கேப் வந்து சேர்கிறார்கள். பாதை அங்கே ஒரு கல் கட்டடத்தின் ஊடாகவே போகிறது, அதில் ‘மவுன்டன் கிராசிங்ஸ்’ என்ற கடை. அங்கே நடக்கும் ஷேக்டவுனைப் பற்றி எந்தப் பேட்டியிலாவது வந்தால் நிறுத்தி இரண்டு முறை கேளுங்கள். அனுபவமுள்ள கடைக்காரர் உங்கள் பையைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து ‘இதைக் கடைசியாக எப்போது தொட்டாய்?’ என்று கேட்பார். இரண்டாவது ஜீன்ஸ், கோடரி, மூன்று நோட்டுப் புத்தகம், கனமான கத்தி, பெரிய டியோடரன்ட் எல்லாம் ஒரு பக்கம் குவியும். பார்சல் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த ஒரு கதையை ஐந்து பேர் வாயால் கேட்டுவிட்டால், நீங்கள் கடையில் வாங்கும் பொருள்களில் பாதி குறைந்துவிடும்.

அடுத்து பாதம். இதில் எல்லோரும் ஏறக்குறைய ஒத்துப்போகிறார்கள். ஒரு ஜோடி ஓட்டக் காலணி 800 கிலோமீட்டர் வாக்கில் தேய்ந்துவிடும், அதாவது முழுப் பாதைக்கும் நான்கைந்து ஜோடி வேண்டும். நடக்க நடக்கப் பாதம் வீங்கி அரை அளவோ ஓர் அளவோ கூடிவிடும். அதனால் ஐந்து ஜோடியையும் முன்கூட்டியே ஒரே அளவில் வாங்கி வைக்காதீர்கள்.

பொருள்களைப் பற்றிய எபிசோடுகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். புதியவர்கள் எல்லோரும் இதில்தான் முதலில் விழுகிறார்கள், எழுந்து வர நாளாகிறது. நடத்துகிறவர்களே விளம்பரத்தையும் வாசிப்பதால், எது அனுபவம், எது காசு வாங்கிச் சொல்வது என்று காது பழகும்வரை தெரியாது. தள்ளுபடிக் குறியீடு சொன்னால் அது விளம்பரம், அவ்வளவுதான். எம்மா கேட்வுட் 1955ல் தன் 67ஆம் வயதில் ஏ.டி. முழுவதையும் தனியாக நடந்தபோது, காலில் கேன்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. யாரும் அப்படியே செய்யச் சொல்லவில்லை. 600 டாலர் கூடாரத்துக்குக் கை நீளும்போது அந்தப் பாட்டியை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

சாப்பாடு, நோய் பற்றிய எபிசோடுகளில் சில தகவல்கள் பொன்னானவை. நோரோவைரஸ் என்னும் வயிற்றுப்போக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் கொட்டகைகளில் பரவும். கைக்குத் தேய்க்கும் சானிட்டைசர் அதற்குச் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும். பலரும் வைத்திருக்கும் சாயர் போன்ற குழல்வகைத் தண்ணீர் வடிகட்டி பாக்டீரியாவைத் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. இன்னொன்று: அந்த வடிகட்டி ஒரு முறை உறைந்துவிட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய குழல்கள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உறையும் குளிர் இரவில் அதைத் தூங்கும் பைக்குள் கால்மாட்டில் வைத்துக்கொள்வார்கள். உண்ணி கடித்து வரும் லைம் நோய் பற்றிப் பேசும் எபிசோடு கிடைத்தால் விடாதீர்கள். தினமும் மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதோரம் என்று உடம்பைத் தடவிப் பார்ப்பது எப்படி ஒரு வழக்கமாகிவிடுகிறது என்று சொல்வார்கள்.

விட்டு வந்தவர்கள். இந்த எபிசோடுகளைத்தான் தேடித் தேடிக் கேட்க வேண்டும். ஏ.டி.யை முழுவதும் நடக்கக் கிளம்புகிறவர்களில் முடிப்பவர் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். மீதிப்பேர் ஏன் திரும்பினார்கள்? காயம், பணம் தீர்ந்தது, வீட்டில் சாவு, எல்லாம் உண்டு. ஆனால் நிறையப் பேர் சொல்லும் காரணம், சுவாரசியம் போய்விட்டது என்பது. வர்ஜீனியாவில் மட்டும் சுமார் 880 கிலோமீட்டர், மொத்தப் பாதையில் கால்வாசி. நாள் முழுக்கப் பச்சைச் சுரங்கம் மாதிரி மரங்கள், ஒரே மாநிலம் முடியவே முடியாது. தொடக்கத்தின் பரபரப்பு போயிருக்கும், முடிவு கண்ணுக்குத் தெரியாது. ‘வர்ஜீனியா ப்ளூஸ்’ என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்தவர்கள் இதைப் பேசும்போது ஒரு நேர்மை இருக்கும், வென்றவர்கள் பேச்சில் அது அபூர்வம். மோசமான ஒரு மழை நாளன்று முடிவெடுத்துவிட்டோமே என்று சிலர் வருந்துவார்கள். சரியான முடிவுதான் எடுத்தேன் என்று சிலர் நிம்மதியாகச் சொல்வார்கள். இரண்டு பேரையும் கேளுங்கள்.

முடித்து வந்தபின் வரும் வெறுமையைப் பற்றியும் எபிசோடுகள் உண்டு. அதை நடை முடியும் தறுவாயில் கேட்டால் போதும்.

ஒரு பக்கக் குறிப்பு

எபிசோடுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே ஐந்து விஷயம் மட்டும்: எந்த வருடம் நடந்தார், எந்த மாதம் கிளம்பினார், நோபோவா சோபோவா, இதற்கு முன் நடந்த அனுபவம் உண்டா, தனியாகவா துணையோடா. அதற்குக் கீழேதான் அவர் சொன்ன யோசனைகள்.

ஏன் இந்த ஐந்து? பென்சில்வேனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பாதை முழுக்கக் கூரான கற்கள், ‘ராக்சில்வேனியா’ என்றே சொல்வார்கள். ஒருவர் அங்கே கால் நொந்து அழுததாகச் சொல்வார். இன்னொருவர், எல்லோரும் சும்மா மிகைப்படுத்துகிறார்கள் என்பார். குறிப்பைப் பார்த்தால் விடை கிடைக்கலாம்: முதலாமவர் மழை வாரத்தில், தேய்ந்த காலணியோடு போயிருப்பார். இரண்டாமவர் ஊரில் புதுக் காலணி வாங்கி மாட்டிக்கொண்டு காய்ந்த கல்லில் நடந்திருப்பார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டிய யோசனை, பென்சில்வேனியாவுக்கு முன் காலணி மாற்று என்பது.

ஒருவர் மட்டும் சொன்னால் அது அவருடைய உடம்புக்கு ஒத்துவந்தது. வெவ்வேறு வருடத்தில் நடந்த மூன்று பேர் ஒன்றையே சொன்னால் வட்டம் போட்டு வையுங்கள்.

மைல், பவுண்டு, ஃபாரன்ஹீட்

இவர்கள் கிலோமீட்டரில் பேசவே மாட்டார்கள். பேச்சில் அடிக்கடி வரும் எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும். 8 மைல் என்றால் 13 கிலோமீட்டர், முதல் வாரத்தின் நாள் கணக்கு. 20 மைல் 32 கிலோமீட்டர், கால் பழகியபின் வருவது. 10 பவுண்டு நாலரை கிலோ, 30 பவுண்டு பதின்மூன்றரை கிலோ. ஓர் அவுன்ஸ் 28 கிராம். 1,000 அடி ஏற்றம் என்றால் 300 மீட்டர்.

தூங்கும் பையை ‘20 டிகிரி பை’ என்றால் அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 7. அந்த எண், உறைந்து போகாமல் இரவைக் கழிக்கலாம் என்பதற்கான அளவாகத்தான் பெரும்பாலும் இருக்கும், சுகமாகத் தூங்குவதற்கான அளவு அதைவிட மேலே. குளிர் தாங்காதவர்கள் இன்னும் கனமான பையைத்தான் பார்க்க வேண்டும்.

எந்த வருடத்து எபிசோட்?

அனுபவம் பழசாவதில்லை, விதிகள் பழசாகிவிடும். 2019ல் வந்த அருமையான பேட்டி ஒன்றில் ‘குட்ஹுக் பார்த்துத் தண்ணீர் இடத்தைக் கண்டுபிடித்தேன்’ என்று வரும். அந்தப் பெயரில் செயலியைத் தேடினால் குழம்புவீர்கள், இப்போது அது ‘ஃபார்அவுட்’. பி.சி.டி.யின் பழைய பேட்டிகள் பலவற்றில் நடந்தே கனடாவுக்குள் நுழைந்த காட்சி வரும். அந்த நுழைவு அனுமதியைக் கனடா 2025 ஜனவரியில் நிறுத்திவிட்டது. இப்போது எல்லைத் தூண்வரை போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும், அல்லது முறையான சோதனைச் சாவடி வழியாகப் போக வேண்டும். அதேபோல் 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் வட கரோலினா, டென்னசி, வர்ஜீனியா பகுதிகளில் ஏ.டி.யைச் சிதைத்துவிட்டுப் போனது. அதற்கு முந்தைய எபிசோடில் சொன்ன பாலமும் விடுதியும் இப்போது அப்படியே இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

அனுமதிச் சீட்டு, கரடியால் திறக்க முடியாத உணவு டப்பா கட்டாயமான இடம், பாதை மூடல், காட்டுத்தீ, இவற்றை எந்தப் பாட்காஸ்டிலிருந்தும் எடுக்காதீர்கள். அந்தந்தப் பாதையைப் பராமரிக்கும் அமைப்பின் அறிவிப்பைப் பாருங்கள். ஏ.டி.க்கு அப்பலாச்சியன் டிரெயில் கன்சர்வன்சி, பி.சி.டி.க்குப் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் அசோசியேஷன்.

இந்த நிகழ்ச்சிகளில் அநேகமாகப் பேசப்படாத ஒன்று விசா. பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள், அவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ சுற்றுலா விசாவில் போகிறவருக்குப் பொதுவாக ஆறு மாதம்வரை தங்க அனுமதி கிடைக்கும், எத்தனை நாள் என்று முடிவு செய்பவர் நுழைவிடத்தில் இருக்கும் அதிகாரி. ஐந்திலிருந்து ஏழு மாதம் பிடிக்கும் நடைக்கு அது மிக இறுக்கமான கணக்கு. அங்கேயே வேலை பார்க்கிறவர்களுக்கு விடுமுறைதான் தடை. அதனால் நம்மில் பெரும்பாலோருக்குப் பொருந்துவது செக்‌ஷன் ஹைக்தான். ஒரு மாதம், இரண்டு வாரம் என்று நடந்தவர்களின் எபிசோடுகளைத் தனியாகத் தேடி வையுங்கள்.

கேட்டதை இரண்டு நாள் நடந்து பாருங்கள்

பத்துப் பன்னிரண்டு எபிசோட் கேட்டாயிற்றா? போதும், கிளம்புங்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் தமிழர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. ஏ.டி. அந்த மாநிலத்துக்குள் சுமார் 115 கிலோமீட்டர் போகிறது. வெர்னன் ஊர்ப் பக்கம் சதுப்பு நிலத்தின் மேல் போட்ட போச்சக் மரநடைபாதையில் குழந்தைகளோடுகூட நடக்கலாம், அதே வெள்ளைப் பட்டை அங்கேயும் இருக்கும். கொஞ்சம் ஏற வேண்டுமென்றால் டெலவேர் வாட்டர் கேப்பிலிருந்து சன்ஃபிஷ் குளம்வரை போய் வாருங்கள். அது சரியாக வந்தால் கொட்டகையில் ஓர் இரவு. நியூ ஜெர்சிப் பகுதியில் பாதையோரம் தீ மூட்டத் தடை உண்டு, கொட்டகைகளில் உணவைப் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி இருக்கும்.

வேறு ஊரில் இருப்பவர்கள் பையில் பத்துக் கிலோ ஏற்றி, தொடர்ந்து இரண்டு நாள் நடக்கலாம். இரண்டாம் நாள்தான் முக்கியம். முதல் நாள் யாரும் நடந்துவிடுவார்கள். மறுநாள் காலை அதே வலியோடு அதே பையைத் தூக்கும்போதுதான் பாட்காஸ்டில் கேட்டதெல்லாம் உறைக்கும்.

வந்தபிறகு அந்தக் குறிப்புப் பக்கங்களை எடுத்துப் பாருங்கள். வட்டம் போட்ட யோசனைகளில் எது உங்கள் தோளுக்கும் பாதத்துக்கும் ஒத்துவந்தது, எது வரவில்லை என்று அருகிலேயே எழுதுங்கள். இனி கேட்கும் எபிசோடுகளில் எதைத் தேட வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பாதையில் கேட்பது

நடக்கும்போதும் பாட்காஸ்ட் கேட்கிறார்கள், நீண்ட சலிப்பான மதியங்களுக்கு அது நல்ல துணை. ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். ஏ.டி.யின் பெரும்பகுதியில் ராட்டில் பாம்பு உண்டு, அது வாலை ஆட்டி எழுப்பும் சத்தம்தான் உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. பின்னால் வேகமாக வருகிறவர் வழிவிடச் சொல்வதும் காதில் விழ வேண்டும். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நடப்பதைப் பாதையில் யாரும் விரும்புவதில்லை, கொட்டகையில் போடுவதை அறவே விரும்புவதில்லை.

குளிரில் போன் பேட்டரி விறுவிறுவென்று இறங்கும். இரவில் போனையும் பவர் பேங்கையும் வடிகட்டியோடு சேர்த்துத் தூங்கும் பைக்குள் வையுங்கள். பகலில் ஏர்பிளேன் மோடில் போட்டுவிட்டு, ஊரில் வைஃபை கிடைக்கும்போதே எபிசோடுகளை இறக்கிக்கொள்ளுங்கள். மெய்னில் மான்சன் ஊரைத் தாண்டினால் அடுத்த 160 கிலோமீட்டருக்குக் கடையும் இல்லை, ஊரும் இல்லை. கேட்க வேண்டியதையெல்லாம் மான்சனிலேயே இறக்கி வைத்துவிடுங்கள், உணவுப் பையை நிரப்பும் அன்றே.